கரண்ட் போனதால் பிழைத்த சிலிண்டர்

அப்பா ஊரில் இல்லாத தைரியத்தில் அவருடைய பழைய பைக்கை எடுத்தேன். ஆயில் பார்க்காமல் ஓட்டியதில் அடையாறு பாலத்தில் இன்ஜின் ஜாம்! மெக்கானிக் பிரித்துக் காட்டினார். சிலிண்டர் உள்ளே முழுக்கக் கீறல்.

“லேத்துல குடுத்து உள்ள கடைஞ்சா கீறல் போய்டும். உஷார் தம்பி, இந்த மாடல் சிலிண்டர் இப்ப வர்றதில்ல” என்றார்.

அப்பா மறுநாள் வருகிறார். சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு, லேத் பட்டறைகள் இருக்கும் வடபழனிக்குப் பறந்தேன். முதல் பட்டறையில் உடனே மெஷினில் மாட்டினார்கள். எனக்கு ஒரே குஷி! அந்த நேரம் பார்த்து கரண்ட் கட். கடுப்பாகி சிலிண்டரைக் கழற்றி வாங்கிக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்கு ஓடினேன்.

அங்கிருந்த அண்ணன் கையை நீட்டினார். “இன்னா நைனா, பிஸ்டன் எங்க?”

“கீறினது சிலிண்டர்தானேண்ணா?”

“காலை அளக்காம செருப்பு தைப்பாங்களா? கடைஞ்சா உள்ள பெருசாவும், அதுக்கேத்த புது பிஸ்டன் வாங்கினு வா. அத்த அளந்துதான் இத்த கடையணும். முடி அளவு ஜாஸ்தியாச்சுன்னா இது பேப்பர் வெயிட்டு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பட்டறையில் பிஸ்டனைப் பற்றி யாருமே கேட்கவில்லையே!

ஓடிப்போய் பிஸ்டன் வாங்கி வந்தேன். அதை அளந்து சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். மறுநாள் அப்பா வருவதற்குள் வண்டி கிண்ணென்று கிளம்பியது!

இப்போதெல்லாம் வண்டியை எடுக்கும் முன் ஆயில் பார்க்கிறேன். எந்தப் பட்டறையானாலும், “அளவு எதை வச்சுண்ணா எடுப்பீங்க?” என்று கேட்காமல் பொருளைக் கொடுப்பதில்லை.