தண்டவாளம் வழியாக ஒரு கல்யாணத்துக்கு

செம்பூரில் ரயிலேறி சான்பாடா ஆபீசுக்குப் போகும் எனக்கு, லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஒரு விரோதி இருந்தாள். தாராவிக்காரி. குர்லாவிலேயே ஏறிவிடுவதால் ஜன்னலோரம் அவளுக்குத்தான். சான்பாடாவில் அவளுடைய அக்கா வைத்திருக்கும் பலகாரக் கடைக்கு முறுக்கு கொண்டுபோவாள். முறுக்குப் பை பக்கத்து இருக்கையில் சட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒருநாள் நான், “இது சீட்டா, கோடவுனா?” என்று கேட்டுவிட்டேன். தமிழில் கேட்டதுதான் தப்பு. இந்தியில் கேட்டிருந்தால் எவளோ கேட்டாள் என்று விட்டிருப்பாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முகத்தை வெளியே திருப்பியவள்தான். அதன்பிறகு இரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த ஜூலைக் காலையில் மழை கொட்டியது. கோவண்டியைத் தாண்டியதும் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள். அரைமணி நேரம் கழித்து, அவசரக்காரர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஒவ்வொருவராகக் கீழே குதிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அவசரமில்லை. இப்படி ஒரு லேட்டுக்கு ஆபீசில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் டிபன் டப்பாவைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவளிடம் அன்று முறுக்குப் பை இல்லை. கணுக்கால்வரை ரெயின்கோட் போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு அரக்குப் பட்டு தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மல்லிகைப் பூ. போனில் மணி பார்ப்பதும் வெளியே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தவள், கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“எக்கா, இங்கன இருந்து மெயின் ரோட்டுக்குப் போவ வழி இருக்கா?”

அப்படி என்ன அவசரம் என்றேன்.

“பதினோரு மணிக்கு எனக்குக் கல்யாணம்.”

மணி ஒன்பதே முக்கால். வாஷியில் பதிவுத் திருமணமாம். மாப்பிள்ளை மராத்திக்காரர், அக்கா கடைக்குப் பக்கத்தில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர். அண்ணனுக்கு இஷ்டமில்லை, சண்டை போடவில்லை, வரவும் இல்லை. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நாற்பத்தொரு வயதில் இவள் ரயில் பிடித்துத் தனியாகக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வழி எனக்குத் தெரியும். தினமும் ஜன்னல் வழியே பார்க்கிற வழிதான். எங்கள் பாதையிலிருந்து பிரிந்து, மேடான கரைமேல் ஒரு ஒற்றைத் தண்டவாளம் போகும். ஒரு காலத்தில் ஏதோ ஆலைக்குச் சரக்கு வண்டி போன லைன். ஆலையை மூடியபிறகு வண்டியும் போவதில்லை. மேடாக இருப்பதால் அங்கே தண்ணீர் நிற்காது, நேரே மெயின் ரோட்டில் கொண்டுபோய் விடும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. டிபன் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு நானும் குதித்தேன். நாற்பத்தெட்டு வயதில் ரயிலிலிருந்து குதிப்பது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது.

அந்த லைனைத் தூரத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, அதில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பாலக்கீரை பாத்தி கட்டியிருந்தார்கள். சிக்னல் கம்பத்தில் ஆடுகள் கட்டியிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கிவந்தன. பிறகு லைனுக்குக் குறுக்கேயே ஒரு வீடு. தண்டவாளம் அதன் வாசற்படிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டது. சுற்றிப் போகவும் வழியில்லை. இரண்டு பக்கமும் முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

வாசலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் நான் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளே நடந்து பின்வாசல் வழியாக இறங்கிக்கொள்ளுங்கள், லைன் அங்கேயும் இருக்கிறது என்றாள். உள்ளே போனோம். தரையில் சிமெண்டுக்கு நடுவே தண்டவாளத்தின் தலை பளபளவென்று தெரிந்தது. ஒன்றின்மேல் கேஸ் அடுப்பு மேடை, இன்னொன்றின் மேல் கட்டில் கால்.

அந்தப் பெண் எங்களைச் சும்மா அனுப்பவில்லை. மணப்பெண்ணின் ரெயின்கோட்டைக் கழற்றச் சொல்லி, சேறு பட்ட கொசுவத்தை ஈரத்துணியால் துடைத்து, சாமி மாடத்திலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து நெற்றியில் வைத்தாள். பூவை நான் தலையில் வைத்துவிட்டேன். அதுவரை அழாமல் வந்தவள் அங்கேதான் அழுதாள். வெங்காயம் என்றாள். நாங்களும் வெங்காயம்தான் என்று ஒத்துக்கொண்டோம்.

மெயின் ரோட்டில் கிடைத்த பஸ்ஸில் வாஷிப் பாலத்தைத் தாண்டி, பதினொன்று அடித்துப் பத்து நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் கூரைக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று சாட்சிகளில் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள்: அவளுடைய அக்காவும், மாப்பிள்ளையின் நண்பரும். மூன்றாவது ஆளான தாராவிப் பக்கத்து வீட்டுக்காரி குர்லாவிலேயே மாட்டிக்கொண்டாள்.

மணப்பெண் என்னைப் பார்த்தாள். நான் கைப்பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்தேன்.

மணப்பெண்ணை எத்தனை நாளாகத் தெரியும் என்று அங்கிருந்த கிளார்க் கேட்டார். “ரெண்டு வருஷமா. தினம் பார்த்துண்டிருக்கோம்” என்று நான் அவளிடம் தமிழில் சொல்ல, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அவருக்கு இந்தியில் சொன்னாள்.

அந்த லைனைப் பற்றி அப்புறம் பல கதைகள் ஓடின. பாசஞ்சர் வண்டி விடப்போகிறார்கள் என்று ஒரு வருஷம் சொன்னார்கள். சர்வே ஆட்கள் வந்து வீட்டுச் சுவர்களில் சிவப்பில் எண் எழுதிப் போனார்கள். வண்டி வரவில்லை. போன வருஷம் தண்டவாளத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; வீட்டுக்காரர்களுக்கு மான்கூர்டில் ஏதோ அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்களாம். நாங்கள் இருவரும் குங்குமம் வைத்த பெண்ணைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினோம். பெயர் கேட்டுக்கொள்ளாததால் விசாரிக்கத் தெரியவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் சான்பாடாவிலேயே இருக்கிறாள். ஆபீஸ் விட்டதும் வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே எனக்கு டீ. அவள் வீட்டுக்காரர் கடையிலும் வீட்டிலும் கேட்டுக் கேட்டுத் தமிழ் பேசுகிறார், அத்தனையும் அவளுடைய திருநெல்வேலித் தமிழ். பாலக்காட்டு வழி வந்த என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எழுந்து, “வாங்க மைனி, உக்காருங்க” என்கிறார். எனக்குத் தெரிந்தவரை மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. என் கணக்கில் உறவுமுறை சரியில்லை. நான் திருத்தவில்லை.