சூடேறாத பிரேக்

ஓய்வுபெற்ற பிறகு, பழைய உதிரிகளை வைத்து வீட்டிலேயே ஒரு கார் செய்தேன். பிரேக் பொருத்த சாயல்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர், இடது புருவம் பாதிதான் இருந்தது.

புது பிரேக் பேடுகள் சக்கரத்து டிஸ்க்கோடு உரசிச் சூடேறிப் படிந்தால்தான் பிரேக் பிடிக்கும். அதற்காக, உப்பளச் சாலையில் வேகமெடுப்பதும் பிரேக்கை அமுக்கிப் பாதி வேகத்துக்குக் கொண்டுவருவதுமாக ஓட்டினார். நான்கு முறைக்கு ஒருதரம் இறங்கி, சக்கரத்தருகே புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார்.

அந்த நேரத்தில் பொறியியல் கல்லூரியில் என்னோடு பாடம் நடத்திய சகாக்கள் இருவர் காரைப் பார்க்க வந்தார்கள். உடனே நானே ஓட்டிக் காட்டக் கிளம்பினேன்.

"இப்பப் பிடிக்காது சார். இன்னும் இருவது வாட்டியாச்சும் அமுக்கணும்."

"பிரேக் பத்திப் பாடம் நடத்துனவன்ட்டயே பாடமா? உன் வேலை மேல நம்பிக்கை இருந்தா முன்னால நில்லுய்யா!"

சகாக்கள் சிரித்தார்கள்.

"வேலையில குத்தமில்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய் நின்றார்.

பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். பயந்து ஓடுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. முழு பலத்தோடு மிதித்தும், அவர் முழங்காலை நொறுக்கிய பிறகுதான் கார் நின்றது.

உப்பளத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "இவன் மாட்டுன பிரேக் சரியில்ல" என்றேன்.

கீழே கிடந்தவர் சக்கரத்தருகே புறங்கையை நீட்டினார். "இன்னும் சூடே ஏறல சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மீதி இருபது முறையையும் பிறகு நானே ஓட்டி முடித்தேன். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. அன்று அவர் அதை ஏன் உரக்கச் சொல்லவில்லை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.