அமைதியாக உயிர் நீத்தார்

நம்புகிறவர்கள் நம்பட்டும். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதல்ல இது. என் காதால் கேட்டது.

குரல் கொடுப்பது என் தொழில். ஒரு பெரிய இசையமைப்பாளர் இறந்த பிறகு அவர் வீட்டை நினைவில்லமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஹெட்போனில் கேட்பதற்காக அவர் வாழ்க்கைக் கதையை நான் படித்துப் பதிவு செய்ய வேண்டும். தடித்த சுவர், வெளிச்சத்தம் வராது என்று அவர் இறந்த அறையிலேயே மைக்கை வைத்தோம். நான், ஒலிப்பதிவாளர், எதிரே நாற்காலியில் இசையமைப்பாளரின் மருமகன். மாமனார் பாதியில் விட்டுப்போன கடைசி சிம்பொனியை முடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர். நான் படித்த உரையை எழுதியவரும் அவர்தான்.

மதியம் மூன்று மணி. நடன விடுதியில் கூலிக்குப் பியானோ வாசித்த இளமை, ஒரு காது போன பிறகு எழுதிய தாலாட்டுகள்... தங்கு தடையில்லாமல் போனது. கடைசி வரிக்கு வந்தேன்.

"தூக்கத்திலேயே அமைதியாக உயிர் நீத்தார்."

ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். "யாரோ கதவத் தட்டுறாங்க."

கதவு திறந்தே கிடந்தது. வெளியே யாரும் இல்லை.

மறுபடி படித்தேன். இந்த முறை எனக்கும் கேட்டது. டொக்... டொக்... டொக். அறைக்குள் இல்லை. ஹெட்போனில் மட்டும்.

மூன்றாவது முறை, தட்டலுக்குப் பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம்.

"மாப்பிள்ளை... மூச்சு முட்டுது... கதவத் திறங்க..."

படிப்பதை நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் மருமகன். ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். மாட்டிக்கொண்டார். முகம் வெளிறியது.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"சார், மெஷின் ஓடிட்டு இருக்கு..."

"போங்கன்னு சொல்றேன்ல."

வெளியே வந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூன்று இருபது.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

"கதவத் திறங்க..."

மருமகனின் குரல்.

தள்ளினோம். தோளால் இடித்தோம். அசையவில்லை. அந்தக் கதவில் பூட்டு இல்லை. தாழ்ப்பாளும் இல்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில் ஆணித் துளைகள் மட்டும்.

தட்டல் மெலிந்தது...

ஒரு இழுப்பு...

நின்றது.

கதவு தானாகத் திறந்தது. நிலைப்படியில் தலை வைத்துக் கிடந்தார்.

மூச்சில்லை.

மூச்சுத் திணறல் என்றார் டாக்டர். அவருக்கு அப்படி ஒரு வியாதி இருந்ததே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி, அதாவது இசையமைப்பாளரின் மகள், நாங்கள் வெளியே போன பிறகு பதிவானதைக் கேட்க வேண்டும் என்றார். ஹெட்போனை மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினோம். நாங்கள் இடித்த சத்தம் அதில் இல்லை. அவர் கணவர் கதறியதும் இல்லை. பியானோ மட்டும். அந்த சிம்பொனிதான். ஆனால் நாங்கள் கேட்டறியாத முடிவு. அந்த அறையில் பியானோவே கிடையாது.

அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"இது அப்பா எழுதின முடிவு. முழுசா முடிச்சுட்டுத்தான் போனாரு. இவரு அத எரிச்சுட்டு, தன்னோடதச் சேத்துக்கிட்டாரு."

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

"அப்பா இறந்த அன்னிக்கு ராத்திரி, அவரு கதவத் தட்டினது எனக்கும் கேட்டுச்சு. நான் எந்திரிக்கல."

ஹெட்போனைக் கழற்றாமலே எங்களைப் பார்த்தார்.

"கடைசியில என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாரே... உங்களுக்குக் கேட்டுச்சா?"

நானும் ஒலிப்பதிவாளரும் அதை எத்தனையோ முறை கேட்டுவிட்டோம்.

அதில் மனிதக் குரலே இல்லை.