தனக்கோடி வண்டியின் ரேடியோ

தனக்கோடிக்குப் பேச வராது. ஊமை இல்லை, யார் முன்னாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்திருந்த விருத்தகிரி முதலாளியின் பிக்கப் வண்டிக்கு அவர் டிரைவர். யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன வண்டி அது. செய்யும்போதே டேஷ்போர்டில் ரேடியோ பதித்துச் செய்திருந்தார்கள். தனக்கோடி பேசவேண்டியதையெல்லாம் அந்த ரேடியோதான் பேசியது.

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் அது பாடிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான், பழமலை என்கிற விவசாயி தன் மகள் பெரியநாயகியை அவருக்குப் பேசி முடித்தார். வண்டி முதலாளியுடையது என்பதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயம். 'ரேடியோ மாப்பிள்ளை' என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

அப்புறம்தான் முதலாளிக்குப் புத்தி பேதலித்தது. ஒரு மழைநாளில் ரேடியோவின் குமிழைத் தொட்டவருக்குச் சுருக்கென்றதாம். எறும்பு கடித்திருக்கும். கரண்ட் கம்பத்துக்குப் பீங்கான் செய்து விற்கிற மனிதரிடம் இதை யார் சொல்வது?

"நம்ம பீங்கானு ஊரு கரண்டையே தடுக்குது, இந்தப் பொட்டியத் தடுக்காதா?" என்றார். ரேடியோவைப் பிடித்திருந்த ஒவ்வொரு திருகுக்கும் ஒரு பீங்கான் வில்லை ஏறியது. ஏரியல் கம்பிக்கும் ஒன்று. பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு வருவது ஒரே ஒயர். கரண்ட் திரும்பிப் போக வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்த வழியை முதலாளியின் பீங்கான் வெகு திறமையாக அடைத்துவிட்டது. அன்றோடு ரேடியோ மூச்சு விடவில்லை. அந்தக் கம்பெனியில் பீங்கானைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன் சோற்றைத் தின்கிறவர்கள், எப்படித் தோன்றும்?

தனக்கோடி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். குமிழ்களை உருவி, நட்டுகளைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கி, ரேடியோவை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். பீங்கான் கோப்பைகளுக்குச் சுற்றுகிற வைக்கோலை அதற்கும் சுற்றி, மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அலாவுதீன், மேஜைமேல் ஒரு பேட்டரியை வைத்து, ஒரு ஒயரை ரேடியோவின் ஒயரோடும் இன்னொன்றைப் பெட்டியின் தகரத்தோடும் சேர்த்தார். வால்வு சூடேறியதும் கணீரென்று பாடியது.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது டிரைவரே. வண்டியக் கொண்டாங்க, பாப்போம்."

"மொதலாளி வுட மாட்டாருங்க பாய். பீங்கானுக்கு மண்ணு ஏத்தணும்."

திரும்பி வந்து மாட்டினார். சத்தமே இல்லை. "பீங்கானு பத்தல" என்று முதலாளி இன்னும் தடிமனான வில்லைகளைப் போடச் சொன்னார். மறுபடி கழற்றல், மறுபடி மங்கலம்பேட்டை, அங்கே பாட்டு, இங்கே மௌனம். வில்லைகள் பருக்கப் பருக்க ரேடியோ எத்துப்பல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. பஸ் கண்டக்டர், "இப்ப ஒடம்பு எப்படி இருக்குதுங்க?" என்று வைக்கோல் கட்டைப் பார்த்து விசாரிக்க ஆரம்பித்தார்.

செய்தி திட்டக்குடிக்கும் போயிற்று. மாசி மகத்துக்கு மகளோடு விருத்தாசலம் வந்த பழமலை, கடைத்தெருவில் ஒரு பித்தளைக் குடம் வாங்கிக்கொண்டு நேரே கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஒரு ரவுண்டு போலாம் மாப்ள. பாட்டு போடுங்க. பாடலன்னா நம்ம பேச்சு முறிஞ்சிதுன்னு வெச்சிக்கங்க."

ஜன்னலோரம் பெரியநாயகி, நடுவில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பழமலை. தனக்கோடி குமிழைத் திருகினார். இந்தப் பெண்ணை இழக்கப் போகிறோம் என்று தெரிந்தது. தெருமுனை வந்ததும் அவரால் தாங்கமுடியவில்லை.

"பாடாதுங்க. ரொம்ப நாளா பாடல. பயந்துகிட்டு மறைச்சிட்டேன்."

"வண்டிய நிறுத்துங்க!"

பிரேக் போட்ட வேகத்தில் குடம் மடியிலிருந்து முன்னால் சரிந்தது. அதன் கழுத்து, நீட்டிக்கொண்டிருந்த ரேடியோவின் தகரத்துக்கும் பெயின்ட் உரிந்த டேஷ்போர்டு இரும்புக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. பழமலை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் வால்வு சூடேறி, ரேடியோ உச்சஸ்தாயியில் பாடியது.

பழமலை குடத்தை எடுத்துப் பார்த்தார், நின்றது. வைத்துப் பார்த்தார், கொஞ்சம் பொறுத்துப் பாடியது. "அட, எங் கைராசிடா!" என்று அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. விஷயம் கேள்விப்பட்ட முதலாளி, இப்போதுதான் பீங்கான் செட்டாகியிருக்கிறது என்றார்.

திட்டக்குடியில் கல்யாணம் முடிந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப்போக அதே பிக்கப்தான். பெரியநாயகி வந்து பார்த்தால், அவளுக்கு முன்பே அப்பா ஏறி, குடத்தைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா, கொடத்த எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயி குந்துங்க."

"நான் இல்லன்னா பாடாதும்மா!"

"பாட வேணாம். இவரு பேசட்டும்."

பழமலை குடத்தோடு பின்னால் வைக்கோல்மேல் போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியும் தனக்கோடிக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைத் தொடங்கினார்.

"ரேடியோவக் கயட்டணும்னா, மொதல்ல குமிழு ரெண்டையும் இழுத்துடணும்..."

பெரியநாயகி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பறம்?"

அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. தனக்கோடிக்கு அழுகை வரும்போல இருந்தது. விருத்தாசலம் வரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை.