சிரட்டைக்குள் கூப்பிட்ட குரல்

பக்கத்து வீட்டு ராத்தாவின் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகுதான் எங்கள் ஹெட்போனை நான் இரண்டாகப் பிரித்தேன். ராத்தா என்றால் அக்கா; ஆனால் என் கூடப்பிறந்தவள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள், என்னைவிட மூத்தவள்.

அந்த ஹெட்போன் வெள்ளைக்காரப் பட்டாளம் சண்டை முடிந்து விட்டுப்போன சாமான். என் வீட்டுக்காரர் கல்முனைக் கடைத்தெருவில் பழைய இரும்புகளோடு அதையும் வாங்கி வந்தார். அதன் இரண்டு கறுப்புக் குமிழ்களும் பார்க்கத் தேங்காய்ச் சிரட்டை மாதிரியே இருந்ததால் எங்கள் வீட்டில் அவற்றுக்குச் சிரட்டை என்றே பெயர். பாட்டரியும் இல்லாமல் கரண்டும் இல்லாமல், சின்னக் கல் ஒன்றையும் கொஞ்சம் கம்பியையும் வைத்து அவர் ஒரு ரேடியோ கட்டினார். கொழும்பில் பாடுகிறவர் எங்கள் காதுக்கு வந்து சேரும்போது எறும்பாகிவிடுவார். பாட்டா, பேச்சா, மார்க்கப் பயானா என்று சண்டை பிடித்துத்தான் முடிவு செய்வோம்.

சத்தத்தைக் கூட்டியது நான். அவர் தறியில் இருந்த ஒரு நாள், சிரட்டையின் மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே ஒரு காந்தம், அதற்கு மேல் மெல்லிய இரும்புத் தகடு, இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு காகித வளையம். சத்தம் பிறப்பது தகடு நடுங்குவதால் என்பது தொட்டாலே தெரிந்தது. காகிதத்தை எடுத்துவிட்டு, தறிப் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காய வைத்திருந்த நூலில் ஓர் இழையை வளையமாகச் சுற்றி வைத்தேன். நூல் தடித்தால் சத்தம் குறையும். மெலிந்தால் தகடு காந்தத்தில் ஒட்டிச் செத்துப் போகும். சரியான இழை கிடைத்ததும் கொழும்பில் இருந்தவர் எங்கள் குசினிக்குள் வந்து அடுப்பருகே நின்று இருமினார்.

பேர் அவருக்குப் போனது. எங்கள் மருதமுனையில் மட்டும் இல்லை, பாலமுனையில் இருந்தும் சைக்கிளில் ஹெட்போன் கொண்டு வந்தார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஓதி ஊதினது" என்பார், ஏதோ மந்திரித்துக் கொடுத்த மாதிரி. நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொள்வேன்.

"ஏன் பொய் சொல்றீங்க?"

"நூலுதான் எண்டு சொன்னா நாளைக்கி எவன் வருவான்? இந்த ஊருல நூல் இல்லாத வீடு எங்க இரிக்கி?"

"அப்ப ஊதினது எண்டே சொல்லுங்க. ஊதுற வாய் என்ட வாய் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. ஆக்கள் பயந்திருவாங்க."

அந்தச் சமயத்தில்தான் ராத்தாவின் மகன் போன தோணி திரும்பி வந்தது. அவன் வரவில்லை. உடலும் கரை சேரவில்லை. அடுத்த ஊர்களில் எல்லாம் கரையோரம் தேடிவிட்டு ஆண்கள் வந்து வாசலில் நின்றார்கள். அதன் பிறகு ராத்தா வெளியில் இறங்கவே இல்லை. அவள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போகிற பெண்கள் வாளி கிணற்றுச் சுவரில் இடிக்காமல் அள்ளினார்கள். பட்டப்பகலிலும் அந்த வீட்டுப் பக்கம் சத்தம் வைக்க எல்லோருக்கும் பயமாக இருந்தது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஹெட்போனைப் பிரித்து, ஒரு சிரட்டையை நீளமான கம்பியில் கட்டி வேலிக்கு மேலால் அவள் அறைக்கு அனுப்பினேன். மற்றது அதே கம்பியின் இந்த முனையில், ரேடியோவோடு, எங்கள் குசினிச் சுவரில் தாழ்வான ஆணி ஒன்றில் தொங்கியது. பொழுது பட்டால் ரேடியோ கேட்கட்டும், மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் கொடுத்தேன்.

சில நாள் போனது. ராத்தாவின் வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். முகம் கறுத்திருந்தது.

"தங்கச்சி, மகன் அதுக்குள்ள கூப்பிடுறானாம்."

"எதுக்குள்ள?"

"நீ குடுத்த சிரட்டைக்குள்ள. ரேடியோ இல்லாத நேரத்தில, பகல்ல, 'உம்மா' எண்டு கூப்பிடுறானாம். சின்னனில கூப்பிட்ட அதே குரலாம். ஓதி ஊதின சாமான்தானே, பொய் சொல்லாது எண்டுறா. போன புள்ளைக்கிக் கத்தம் ஓத லெப்பையக் கூப்பிடுவம் எண்டா, ஹயாத்தோட, உசிரோட இரிக்கிறவனுக்குக் கத்தமா எண்டு என்ன அடிக்க வாறா. ஓதாம எத்தின நாளைக்கி அவன்ட றூஹ அந்தரத்தில விடுற?"

அவர் போன பிறகு குசினிக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. ஆணியில் தொங்கிய சிரட்டையைப் பார்த்தேன். அதன் வட்டத் துவாரம் என்னைப் பார்த்தது. ஆயத்துல் குர்ஸியை எனக்குத் தெரிந்த அளவுக்கு ஓதிவிட்டு அதன்மேல் ஒரு துணியைப் போட்டேன். ஊதாமல் பேர் வாங்கியதற்கு இப்போது உண்மையாகவே ஊத வேண்டி வந்தது.

மூன்று வயதான என் மகள்தான் அந்தத் துணியை இழுத்து எறிந்தாள். சோறு ஊட்டும்போது என் கையைத் தட்டிவிட்டாள்.

"மகள் எண்டு சொல்லாதீங்க. 'மனே' எண்டு சொல்லுங்க."

மனே என்றால் மகனே. எங்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஆரு ஒன்ன மனே எண்டு கூப்பிட்ட?"

"அந்த உம்மா."

"எந்த உம்மா?"

கையை நீட்டிச் சிரட்டையைக் காட்டினாள். பிறகு எழுந்து போய் அதில் வாயை வைத்து, "உம்மா" என்றாள். உடனே காதை வைத்தாள். சிரித்தாள். நானும் பக்கத்தில் குந்தி என் காதை வைத்தேன். தூரத்தில், கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு குரல்: "என்ன மனே?"

அது ராத்தாவின் குரல். பயம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. என் நூல் வளையம் தகட்டை அவ்வளவு இளக்கி வைத்திருந்ததால், இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்டது. தகரத்துக்குள் போன குரலில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை.

அன்றே வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூடியைக் கழற்றி ராத்தாவுக்குக் காட்டப் போகிறேன் என்றதும் தறியை விட்டு எழுந்துவிட்டார்.

"அவட தாய்வீட்டுப் பொம்புளைகள் முழுக்க அங்க இரிக்காங்க. நீ தொறந்து காட்டின நேரத்தில இருந்து ஊருக்கே தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

"அப்ப ஊதினது எண்டு நான் சொன்னது?"

"வாய் வலிச்சிட்டு, இனி ஊத ஏலா எண்டு சொல்லுங்க."

ராத்தாவின் அறையில் சன்னல் சாத்தியிருந்தது. அவள் பாயில் சாய்ந்து, சிரட்டையைக் காதில் வைத்தபடி இருந்தாள். கூட இருந்த பெண்களை நான் வெளியே போகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால் சிரட்டையை வாங்கி மூடியைத் திருகினேன். தகட்டை எடுத்து, நூல் வளையத்தை விரல் நுனியில் தூக்கிக் காட்டினேன்.

"இதுதான் ராத்தா ஓதினது. கஞ்சி போட்ட நூல். கூப்பிடுறது என்ட மகள்."

அவள் நூலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"முதல்ல அவன்தான் எண்டு நெனச்சன். மறுகா வெளங்கிச்சி. நீ அடுப்படியில கத்துறதும் வருது. ரேடியோ கேட்டுக்கிட்டே ஒன்ட மாப்புள நித்திரையாகிப் போற, அவர்ர குறட்டையும் எனக்குத்தான் வருது. மீன் ஆஞ்சி குடுக்கேக்குள்ள ஒன்ட மாமியப் பத்திச் சொன்னியே, அதையும் கேட்டன்."

பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை விழுங்கினாள். நான் தலையில் முந்தானையை இழுத்துவிட்டேன்.

"தெரிஞ்சா ஏன் ராத்தா சொல்லல்ல?"

"நீ நூலச் சொன்னியா?"

விரல் நுனியில் இருந்த நூலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஒன்ட மகள் உம்மா எண்டு கூப்பிடுவாள். நீ 'என்ன சனியன்' எண்டுவாய். கேட்டுக்கிட்டு இரிக்க ஏலாமப் போச்சி. ஒரு நாள் நான் பதில் சொன்னன். அதில இருந்து என்னத்தான் கூப்பிடுறாள். கூப்பிடுற குரல் ஒண்டு இரிக்கேக்குள்ள கத்தம் ஓதுங்க எண்டு எப்படிச் சொல்ற? சொல்லு பாப்பம்."

வளையத்தை உள்ளே வைத்து மூடினேன். அவளே கதவுப் பக்கம் பார்த்து, "லெப்பையக் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள். பிறகு என்னிடம், "கம்பிய மட்டும் இப்ப அறுக்காத" என்றாள்.

கத்தம் ஓதிய அன்று பகல் முழுக்க நான் அவள் குசினியில்தான் நின்றேன். எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரர் முன்னறையில் மற்ற ஆண்களோடு ஓத உட்கார்ந்திருந்தார். மகள் என் இடுப்பில் தூங்கிப் போயிருந்தாள். ராத்தா கையில் வைத்திருக்க மாட்டேன் என்று சிரட்டையைக் கம்பியோடு குசினித் தட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஓதல் முடிந்து துஆவுக்கு ஆமீன் சொல்லி வாய் மூடிய நேரம், சிரட்டைக்குள் இருந்து, "உம்மா."

இருவருக்கும் கேட்டது. ராத்தா என் இடுப்பைப் பார்த்தாள். பிள்ளையின் வாய் என் தோளில் அழுந்தித் திறந்திருந்தது, எச்சில் வழிந்திருந்தது.

"ஒன்ட வீட்டுல ஆரு?"

"ஆரும் இல்ல ராத்தா."

"இதுவும் நூலா?"

காற்று பட்டாலும் தகடு நடுங்கும் என்று சொல்லலாம் என நினைத்தேன். முற்றத்து முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை.

ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு தட்டருகே போனாள். சிரட்டையை எடுத்தாள். காதில் வைக்கவில்லை, வாயருகே வைத்தாள்.

"போ மனே," என்றாள். "ஓதிட்டாங்க."

கம்பியை முறுக்கிப் பிடித்து இழுத்தாள். அது பட்டென்று கழன்று வந்தது. சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்காய்? சோறு ஆறுது. ஆம்புளைகளுக்கு எடு."