அப்பன் வீட்டு ரத்தம்

அந்த மாமியார் சொன்னது பொய். பேத்தியின் ரத்த நோய்க்கு மருமகள் மேல் பழி போட்டது அநியாயம்.

அந்த மருமகளைக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, சாயம் போன துப்பட்டா. மடியில் வெளுத்துப்போன மகள். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகிறாள். வழியிலுள்ள கடைப் பலகைகளில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்து அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார் தாய். "கரும்பு ஜூஸ்" பலகையை "இரும்பு ஜூஸ்" என்றார்.

"கொழந்தைக்கு என்னம்மா?" என்றேன்.

"இதேதாங்க, ஒரு எழுத்து மாறுனதுதான். ஒடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள எழுதியிருக்கற குறிப்பப் படிச்சுதான் புரதம் செய்யுதாம். ரத்தத்துக்கு வேண்டிய புரதத்தோட குறிப்புல ஒரு எழுத்து மாறிடுச்சு. செல்லுக்கு என்னா தெரியும்? இருக்கறத அப்படியே படிக்குது, புரதம் சரியா வரமாட்டேங்குது. அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்டேர்ந்தும் அந்தத் தப்பு வந்தாதான் இந்த நோவு வருமாம். டாக்டர் சொன்னாரு."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னேன். இவ காதுகுத்துல, சொந்தக்காரங்க அத்தினி பேரு முன்னாடி, 'எல்லாம் ஒங்கப்பன் வூட்டு ரத்தம்'னு மாமியார் கத்துனாங்க. இப்ப எங்க வூட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாக்கறாங்க."

"மாமியார் அசலா, சொந்தமா?"

அவர் சிரித்தார். "எங்கப்பா கூடப் பொறந்த அத்தைங்க."

அவரால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்த அத்தை அதே சொந்தக்காரர்கள் முன்னால் நின்று பதில் சொல்லட்டும்: நீங்கள் பிறந்தது எந்த வீட்டில்?