அம்மா பழகிய கீபோர்டு

நாள் முழுக்கக் கீபோர்டைத் தட்டிவிட்டு எழுந்தால் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று யாராவது சொன்னால் எரிச்சல் வரும். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். அந்த உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மண்ணரையில் லைன் வீடு. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மேசை முன்னால் நின்றபடியே ஓட்டை, கறை எல்லாம் பார்க்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. நிற்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நல்லவேளையாகக் கம்பெனி ஆபீஸில் பேக்கிங் லிஸ்ட் அடிக்க ஆள் தேவைப்பட்டது. ஒரு மாதத்தில் டைப்பிங் பழகிவிட்டால் அந்த இடம் அம்மாவுக்குத்தான் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கிருந்தோ ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்ப்யூட்டர் கிடையாது. எழுத்து இருக்கிற இடம் விரலுக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் இடுக்கெல்லாம் பனியன் பஞ்சு. அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் சுத்தம் செய்துவைக்கலாமென்று, ஸ்பூன் காம்பால் பட்டன்களை நெம்பியெடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஏவுக்குப் பக்கத்தில் எஸ் இருந்ததைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்திருந்தது. எந்தக் கூமுட்டை மாட்டினானோ! நான் ஏ, பி, சி, டி என்று இசட் வரை ஒழுங்காக மாட்டிவைத்தேன். கழுவியதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். வரிசையைச் சரிசெய்ததெல்லாம் ஒரு பெரிய விஷயமாகவே எனக்குப் படவில்லை.

சோறு வேகிற நேரம், துணி ஊறுகிற நேரம் என்று அம்மா ஒரு மாதம் பழகினாள். நான் ரெட், ஒயிட், பிளாக் என்று சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டே தட்டுவாள். சில நாள் தட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

ஆபீஸில் அடித்துக்காட்டச் சொன்ன அன்று மாமாதான் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். வந்ததும் வராததுமாகக் கீபோர்டை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. யார் இதை என்று ஆரம்பித்து என் பக்கம் திரும்பினார். பாராட்டப்போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"உடுடா தம்பி. எனக்கு நின்னே பழகிருச்சு. உக்காந்தா ஒடம்பு ஒத்துக்கறதில்லை."

மறுநாள் அம்மா செக்கிங் மேசைக்கே போனாள்.

அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அம்மாவுக்கு நிற்பதுதான் பிடிக்கும் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தால், அவளைக் கேட்காமலேயே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வேன்.